முறிந்ததை முறிந்தது என்று எழுத மனுவில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்துச் சட்டத்தைத் தளர்த்தவே கூடாது என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். "மனம் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? அதற்கெல்லாம் கோர்ட் விவாகரத்து கொடுக்க ஆரம்பித்தால் ஊரில் ஒரு குடும்பம் மிஞ்சாது" என்பது அவர் வாதம். அவருடைய கவலையை மதிக்கிறேன். ஆனால் இப்போதுள்ள சட்டம் குடும்பங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அவர் நம்புகிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் தென் மாவட்டம் ஒன்றில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் பெண். தட்டச்சு வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். அப்புறம் மனு தாக்கல் செய்வது, வாய்தா தேதி குறிப்பது, நகல் வாங்குவது எல்லாம் என் பொறுப்புக்கு வந்தன. எங்கள் சீனியர் அதிகம் எடுப்பது குடும்ப வழக்குகள். அதனால் விவாகரத்து மனு என்றால் அதில் எந்தப் பாராவுக்கு அடுத்து எந்தப் பாரா வரும் என்பது எனக்கு மனப்பாடம்.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு விவாகரத்துக்கான காரணங்களைப் பட்டியல் போடுகிறது. பிற உறவு, கொடுமை, இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் பிரிந்திருத்தல், மதம் மாறுதல், தீராத மனநோய், தொற்றக்கூடிய பால்வினை நோய், துறவறம், ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகத் தகவலே இல்லாமல் போதல். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒருவர் தப்பு செய்தவராகவோ, நோயாளியாகவோ, காணாமல் போனவராகவோ இருந்தாக வேண்டும். இருவரும் நல்லவர்கள், ஆனால் சேர்ந்து வாழ முடியவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். அடி வாங்கி, உயிருக்குப் பயந்து ஓடி வரும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது, அது இருந்தே ஆக வேண்டும். நான் சொல்வது மற்றவர்களைப் பற்றி. ஒரு முறை அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். கணவருக்கு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை. சீனியர் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடிப்பாராம்மா?"

"இல்லை சார்."

"குடி?"

"கிடையாது சார்."

"வேற பொண்ணு கூட..."

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார். பாவம். எங்களுக்குள்ள எதுவுமே ஒத்துப்போகலை. நாலு வருஷமா தனித்தனியாத்தான் இருக்கோம். அவருக்கும் இது வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆனா அவங்க வீட்ல சம்மதிக்க விட மாட்டேங்கிறாங்க."

"அப்படின்னு மட்டும் எழுதினா கேஸ் நிக்காதும்மா."

அவருக்கு வேறு பதில் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. கொடுமை என்று காட்ட ஏதாவது சம்பவம் வேண்டும். தேதி வேண்டும், இடம் வேண்டும், சாட்சி வேண்டும். அந்த அம்மா யோசித்து யோசித்து, மாமியார் ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்ததையும், தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாததையும் சொன்னார். அவை மனுவில் 'தொடர்ச்சியான, சகிக்க முடியாத மனக் கொடுமை' ஆயின. அது கணவர் கைக்குப் போனதும் அவர் வீட்டார் கொதித்தார்கள். பதிலுக்கு வந்த எதிருரையில் அந்த ஆசிரியையின் நடத்தையைப் பற்றி, கூட வேலை பார்க்கும் ஒரு ஆசிரியரின் பெயரை இழுத்து எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவர் என் மேசையருகில் நின்றுகொண்டே படித்தார். "இவர் இப்படிச் சொல்ற ஆளே இல்லையே அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன். கையெழுத்து அவருடையதுதான். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் குற்றம் சாட்டியவருக்குக் குற்றம் சாட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1993-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவி எதிருரையில் கணவர் மீது சொன்ன குற்றச்சாட்டுகளே மனக் கொடுமை ஆகிவிட்டன என்று சொல்லி விவாகரத்து வழங்கியது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். கோர்ட்டுக்கு வரும்போது இல்லாத கொடுமையை, வழக்கு நடத்திய விதமே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது. சேர்ந்து வாழ முடியாத இரண்டு பேர் எங்களிடம் வருகிறார்கள். ஜென்மப் பகையாளிகளாகத் திரும்பிப் போகிறார்கள்.

அந்த ஆசிரியையின் மனு கடைசியில் தள்ளுபடி ஆனது. கணவன் மனைவிக்குள் வரும் அன்றாட உரசல்கள்தான் இவை, கொடுமை நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு. சட்டப்படி நீதிபதி சொன்னது சரி. அந்தத் தீர்ப்பால் அந்தக் குடும்பம் சேர்ந்துவிடவில்லை. இருவரும் இன்றுவரை வேறு வேறு ஊரில்தான் இருக்கிறார்கள். நாளைக்கு அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியத்துக்கு முதல் உரிமை, பேச்சுவார்த்தையே இல்லாத அந்தக் கணவருக்குத்தான். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வயதான தாய்க்கு இல்லை. வாசகர் சொல்லும் 'காப்பாற்றப்பட்ட குடும்பம்' இதுதான்.

இப்படி நடுவில் நிற்பவர்களில் ஆண்கள் சிலர், விவாகரத்து வராமலே இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இரண்டாவது பெண்ணுக்குச் சட்டப்படி மனைவி என்ற இடம் கிடையாது. முதல் மனைவிக்குப் பெயரளவில் அந்த இடம் இருக்கிறது, வாழ்க்கை இல்லை. சட்டம் இறுக்கமாக இருப்பதால் இந்த இரண்டு பெண்களில் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது?

சரி, இருவரும் சம்மதித்தால் பிரியலாமே என்று கேட்பார்கள். உண்மைதான். 1976-இல் கொண்டுவந்த 13பி பிரிவு நல்ல ஏற்பாடு. ஓராண்டு பிரிந்திருந்தால் சேர்ந்து மனுப் போடலாம். ஆறு மாதம் காத்திருந்து இரண்டாவது முறை ஆஜராக வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தேவைப்பட்டால் நீதிமன்றமே தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றால் கதவு அடைத்துக்கொள்ளும். முதலில் கையெழுத்துப் போட்டவர்கூடத் தீர்ப்பு வருமுன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதனால் அந்தக் கையெழுத்துக்கு விலை வந்துவிட்டது. "அவ போட்ட நகையைப் பத்திப் பேசாம இருந்தா கையெழுத்துப் போடுறேன்" என்று பேரம் பேசும் ஆணைப் பார்த்திருக்கிறேன். "பிள்ளையைக் கொடுத்துட்டுப் போ, அப்புறம் பேசலாம்" என்பார்கள். பணம் எண்ணி வைத்தால்தான் நகர்வேன் என்று நிற்கும் பெண் வீட்டாரும் உண்டு. இதையெல்லாம் சமரச மையத்தின் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் மனது கசந்துபோகும். வேறு காரணத்தால் பிரிய வழி இருந்தால் இந்தக் கையெழுத்துக்கு இத்தனை விலை இருக்காது.

இதில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே வெகுதூரம் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று தெளிவானால், ஒரு தரப்பு எதிர்த்தாலும், அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி தாங்களே அதை முடித்துவைக்கலாம் என்பதுதான் அது. எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது சேர்ந்து இருந்தார்கள், சமரச முயற்சிகள் என்ன ஆயின, பிள்ளைகளின் நிலை என்ன, பொருளாதார நிலை என்ன என்றெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஆறு ஆண்டுகளோ அதற்கு மேலோ பிரிந்திருப்பது முக்கியமான அம்சம் என்றும் குறிப்பிட்டார்கள். ஆனால் இதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது, இந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான்.

என் ஆதங்கம் இங்கேதான். எங்கள் ஊர் நீதிபதி அந்த இருவரையும் நேரில் பார்க்கிறார். சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பதைப் பார்க்கிறார். கவுன்சலிங் அறிக்கை அவர் மேசையில் இருக்கிறது. இந்தத் திருமணத்தில் இனி ஒன்றுமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைத் தீர்ப்பில் காரணமாக எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள நீதிமன்றம் டெல்லியில் இருக்கிறது. பீடி சுற்றும் பெண் டெல்லிக்குப் போவாளா? கட்டட வேலைக்குப் போகும் ஆண் அங்கே வக்கீல் வைப்பானா? கடைசிப் படி வரை ஏற வசதி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விவாகரத்துக் காரணம் இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை என்பது எந்த வகையில் நியாயம்?

அங்கே போனாலும் என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் 25 ஆண்டுகளாகப் பிரிந்திருந்த தம்பதியின் வழக்கு ஒன்று. செத்துப்போன உறவுக்குள் இருவரையும் கட்டிவைத்திருப்பதே கொடுமைதான் என்று சொல்லி விவாகரத்து தந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 89 வயதுக் கணவர் கேட்ட விவாகரத்தை வேறு ஒரு அமர்வு மறுத்தது. அவர் மனைவிக்கு 82 வயது. திருமணம் நடந்தது 1963-இல். விவாகரத்தானவள் என்ற பெயரோடு சாக விரும்பவில்லை என்று அந்த அம்மா சொன்னதற்கு நீதிபதிகள் மதிப்புக் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வயதில் அந்த அம்மாவின் மனதை மதித்ததில் தப்பில்லை. எந்தெந்த நிலையில் தரலாம், எப்போது மறுக்கலாம் என்பதைச் சட்டமாக எழுதி வைத்தால் கீழ் நீதிமன்றத்திலேயே இப்படி எடைபோட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

திருமணம் முறிந்துவிட்டது என்பதையே ஒரு காரணமாகச் சட்டத்தில் எழுதி வைக்கச் சொல்லி எத்தனை காலமாகக் கேட்கிறார்கள் தெரியுமா? சட்ட ஆணையம் தன் 71-ஆவது அறிக்கையில் 1978-இலேயே பரிந்துரைத்தது. 1981-இல் மசோதா வந்து, காலாவதியாகிப் போனது. 2006-இல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்குச் சொன்னது. 2009-இல் 217-ஆவது அறிக்கையில் சட்ட ஆணையம் மறுபடி சொன்னது. 2010-இல் இன்னொரு மசோதா வந்தது. 2013-இல் அது மாநிலங்களவையில் நிறைவேறியது, அதற்கு மேல் நகரவில்லை. 2014-இல் மக்களவை கலைந்ததும் அதுவும் போயிற்று. 1978-இல் பிறந்த பிள்ளைகளே இப்போது விவாகரத்து கேட்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் நான் மனது பதைத்து எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவி தன் தாய் கையெழுத்திட்ட கடிதத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். பாஸ்போர்ட் வேலைக்குப் பெற்றோரின் விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேண்டுமாம். பழைய கட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள் என்று நான் சொல்வதற்குள் ஒரு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் அவள் மனுவையும் எதிருரையையும் படித்துக்கொண்டிருந்தாள். அந்த எதிருரையில், இந்தக் குழந்தை தனக்குப் பிறந்ததுதானா என்பதே சந்தேகம் என்று ஒரு பாரா இருந்தது. வழக்குக்காக எழுதிய பாரா. அந்த அப்பா அப்படி நினைத்தவர் இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கடைசி வரை கட்டியவர், லீவு விட்டால் வந்து கூட்டிக்கொண்டு போனவர். அவள் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். "இதை அப்பா படிச்சுப் பார்த்துட்டா கையெழுத்துப் போட்டாரு?" வக்கீல்கள் எழுதுவது அப்படித்தான் இருக்கும், மனசுல வச்சுக்காதே என்று சொன்னேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை.

கோர்ட் கட்டுகள் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. தீர்ப்பு வந்த பிறகும் அந்த வாக்கியங்கள் அங்கேயே இருக்கும். பெற்றோர் இருவரும் பிள்ளைக்குப் பெற்றோராகவே இன்னும் பல வருடம் இருந்தாக வேண்டும். கல்லூரி சேர்க்கை, கல்யாணம், பேரப்பிள்ளை என்று எதிர்ப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குக் கொஞ்சமாவது மரியாதை மிச்சம் இருக்க வேண்டாமா? 'இன்ன தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழும் வாய்ப்பு இனி இல்லை, பிள்ளைக்கும் மனைவிக்கும் இன்ன ஏற்பாடு' என்று மூன்று பாராவில் ஒரு மனு எழுத முடிந்தால் அந்தப் பெண் அன்று படித்தது வேறாக இருந்திருக்கும்.

இனி, பெண்கள் தரப்பிலிருந்து எழும் பயத்தைப் பற்றி. அது வீண் பயம் இல்லை. கணவனுக்குப் போய்விட வேண்டும் என்று தோன்றினால், சில ஆண்டு தனியாக இருந்துவிட்டு வந்து 'முறிந்துவிட்டது' என்று சொல்லிக் கழற்றி விட்டுவிடுவானே என்கிறார்கள். நடக்கும். வேலை இல்லாத, பிறந்த வீட்டில் ஆதரவு இல்லாத பெண்ணுக்கு அந்த வீட்டில் மனைவி என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் பிடி. 1981 மசோதா விழுந்ததற்கே பெண்கள் அமைப்புகளின் இந்த எதிர்ப்பு ஒரு காரணம். ஜீவனாம்ச உத்தரவு வாங்கியும், அதை வசூலிக்க நிறைவேற்று மனுப் போட்டு நடையாய் நடக்கும் பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறவள் நான். உத்தரவு காகிதத்தில் இருக்கும், கையில் காசு வராது.

அதனால்தான் 2010 மசோதாவை அப்படியே தூக்கிப் போட்டதில் எனக்கு வருத்தம். மூன்று ஆண்டு பிரிந்திருந்தால் மனுப் போடலாம் என்றது அது. கடுமையான பணக் கஷ்டத்துக்கு ஆளாவேன் என்று மனைவி காட்டினால் விவாகரத்தை மறுக்கலாம் என்றது. பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யாமல் தீர்ப்பு தரக்கூடாது என்றது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தருவது பற்றியும் பேசியது. இந்தக் கடைசி விஷயம்தான் உயிர்நாடி. கோவா நீங்கலாக, நம் நாட்டில் மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தைப் பிரித்துக்கொடுக்க ஒரு சட்டம் இன்னும் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவன் சொத்து வாங்க முடிந்தது, அதில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று சொன்னது. அதைச் சட்டமாகவே எழுத வேண்டும். வீட்டில் பங்கும் பணமும் மனைவி பெயருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விவாகரத்துத் தீர்ப்பு அமலுக்கு வரும் என்று வைத்தால், கழற்றி விட நினைப்பவன் அவ்வளவு சுலபமாகக் கழற்றி விட முடியாது. கொடுமை, கைவிடுதல் போன்ற பழைய காரணங்களும் அப்படியே இருக்கட்டும். அடிபட்ட பெண் தனக்கு நடந்ததைச் சொல்லி, அது தீர்ப்பில் பதிவாகிப் பிரிய நினைத்தால் அது அவள் உரிமை. மூன்று வருடம் காத்திரு என்று அவளிடம் சொல்ல முடியாது.

இது மேல்நாட்டுப் பழக்கம் என்று வாசகர் எழுதியிருந்தார். தீராத மனவேற்றுமை என்பதையே காரணமாக வைத்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970-இல் சட்டம் அமலுக்கு வந்தது. இங்கிலாந்தில் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டிய தேவை 2022 ஏப்ரலில்தான் போனது. அதெல்லாம் உண்மை. ஆனால் நம் ஊர்களில் எத்தனையோ சமூகங்களில் பெரியவர்கள் கூடி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு 'அத்து விடுவது' காலங்காலமாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டமே 29-ஆவது பிரிவில், வழக்காற்றுப்படியான மணமுறிவுக்கு இடம் வைத்திருக்கிறது. அந்தக் கூட்டங்களில் ஆண்கள் சொல்வதே எடுபடும் என்ற குறை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒத்துப்போகாதவர்களைப் பிரித்து விடுவதற்கு நம் பாட்டன் பூட்டன்கள் யாரும் வெளிநாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

நாடாளுமன்றம் செய்யும் என்று இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது? திருமணமும் விவாகரத்தும், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய, அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவரலாம். நாம் இதைச் செய்யாதவர்களும் அல்ல. 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று இதே இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது நம் சட்டப்பேரவை. மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு என்று 1989-இல் நாம் திருத்தியதை நாடு முழுவதும் 2005-இல்தான் செய்தார்கள். மீட்க முடியாதபடி முறிந்த திருமணம் என்ற காரணத்தையும், கூடவே மனைவிக்குச் சொத்துப் பங்கையும் ஒரே திருத்தமாகத் தமிழ்நாடு கொண்டுவர வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் நாளிதழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா